மித்ராவின் புது வார்த்தை

"இனி இந்த வீட்டில் யாரும் பொய் பேசக் கூடாது!" என்று சனிக்கிழமை இரவு அறிவித்தேன். மனதில் தோன்றுவதை ஒளிக்கவும் கூடாது. பெற்றோரைப் பார்த்துத்தான் குழந்தை வளரும் என்று எங்கள் சாஃப்ட்வேர் கம்பெனியில் ஒரு அம்மாள் வந்து பேசிவிட்டுப் போயிருந்தார். எங்கள் மித்ராவுக்கு இரண்டரை வயது. விட்டால் கெட்டுவிடும்.

"யாரு ஆரம்பிக்கறது?" என்றாள் என் மனைவி சுமதி.

"நான்தான்! கோபம் வந்தா 'அப்பாவுக்குக் கோபம்'னு சொல்லுவேன். பயம் வந்தா..."

"அதைச் சொல்லவே வேண்டாம். முகத்துலயே தெரியும்."

ஒரே ஒரு சிக்கல். எனக்குக் கொழுப்பு ஜாஸ்தி என்று டாக்டர் சொல்லிவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து சுமதி சொல்வதும் அதேதான். மூன்று வேளையும் கேழ்வரகுக் கஞ்சி. அதனால் ஞாயிறுதோறும் மித்ராவைப் பார்க்குக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லிவிட்டு, நண்பன் யூசுப்போடு செகந்திராபாத்தில் மட்டன் பிரியாணி சாப்பிடுவேன். மித்ராவின் வாயை ஐஸ்கிரீம் அடைத்துவிடும். இந்த ஒரு ஞாயிறு போகட்டும், சத்தியம் எங்கே ஓடிவிடப் போகிறது?

மறுநாள் பிரியாணியை முடித்துக்கொண்டு, மல்காஜ்கிரியில் இருக்கும் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தோம்.

"பார்க் எப்படி இருந்துச்சு?"

"பிரமாதம்! ஊஞ்சல்ல ஒரே கூட்டம்."

இடுப்பிலிருந்த மித்ரா என் மூக்கருகே விரலை நீட்டினாள். "அபத்தம்!"

தூக்கிவாரிப் போட்டது. சமாளித்தேன். "அட, எவ்ளோ பெரிய வார்த்தை! ஆமா கண்ணு, அந்தக் கூட்டத்துல ஊஞ்சல் ஆடறது அபத்தம்தான்."

"அது தமிழ் இல்லீங்க. தெலுங்கு," என்றாள் சுமதி. "தெலுங்குல அபத்தம்னா பொய்."

ஹைதராபாத் வந்து இத்தனை வருஷத்தில் நான் தெலுங்கு படிக்காததற்கு இப்படியா தண்டனை? பெற்ற பெண்ணே காட்டிக்கொடுத்துவிட்டாளே! சுமதி என்னையே பார்த்தாள்.

"அப்பாவுக்கு... பயமா இருக்கு," என்றேன்.

"பாத்தியா மித்ரா, அப்பா எவ்ளோ நல்லா சொல்றாரு! எதுக்குங்க பயம்?"

கொட்டிவிட்டேன். பிரியாணி, யூசுப், ஐஸ்கிரீம், அந்தப் பார்க் எந்தத் தெருவில் இருக்கிறதென்றே எனக்குத் தெரியாது என்பதுவரை.

மித்ரா கீழே இறங்கி ஓடினாள். ஃப்ரிட்ஜைத் தொட்டு, "அபத்தம்!" என்றாள். என் செருப்பைத் தொட்டு, "அபத்தம்!"

நான் அதிர்ந்துபோய் சுமதியைப் பார்த்தேன்.

"முந்தாநாள் ப்ளே ஸ்கூல்ல கத்துக்கிட்டா. அர்த்தமெல்லாம் தெரியாது," என்றாள், கஞ்சியை அடுப்பில் ஏற்றியபடி. "காலைல இட்லியக்கூட அப்படித்தான் சொன்னா. இட்லி எதையும் ஒத்துக்கலையே!"