கிச்சாப்புக்கு வைத்த சூஷி

பூனைக்கு ஜப்பான் பலகாரம் செய்யப் போய் முருகனிடம் மாட்டிக்கொண்டவர்கள் கிள்ளானில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒருத்தி இருக்கிறாள். அவள்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறாள்.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை. கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் போகவர தினமும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கைப்பேசியில் காணொளி பார்த்ததால், உலகத்தில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்ற எண்ணம் வந்திருந்தது. (மூளை ஆபரேஷன் செய்யச் சொன்னால்கூட, "கிளவ்ஸ் எங்க?" என்றுதான் கேட்டிருப்பேன்.)

அதற்கு முந்தின வருடம் அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்து அறுவைச் சிகிச்சை நடந்தது. அம்மா போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகியிருந்தது. அப்பாவும் போய்விட்டால் என்ன செய்வேன் என்ற பயத்தில், மருத்துவமனை நாற்காலியில் உட்கார்ந்து, "முருகா, அப்பா நல்லபடியா வீட்டுக்கு வந்துட்டா பத்துமலைக்குப் பால்குடம் எடுக்குறேன்" என்று வேண்டிக்கொண்டேன். என் இருபத்தேழு வயது வாழ்க்கையில் நடிப்பே இல்லாமல் நான் பேசிய வாக்கியம் அது ஒன்றுதான். அப்பா நல்லபடியாக வீட்டுக்கு வந்தார்.

அடுத்த தைப்பூசத்துக்கு நாற்பத்தெட்டு நாள் இருக்கும்போது மாலை போட்டேன். போட்ட கையோடு வீட்டில் ஆட்சி மாறியது. புதுச் சட்டி, புதுத் தட்டு, குளிர்சாதனப் பெட்டியில் எனக்கென்று தனித் தட்டு. வீட்டுக்குள் யாரும் கவிச்சி சமைக்கக்கூடாது. அண்ணன் கோழிப் பொரியலோடு நாசி லெமாக் வாங்கி வந்தால், வாசலுக்கு வெளியே காருக்குள் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிக்கொண்டுதான் சாப்பிட வேண்டும். அப்பாவும் அடிக்கடி "கார்ல டயர் பாத்துட்டு வரேன்" என்று எழுந்து போவார். டயர் பார்த்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வருவார்.

எல்லாரையும்விட அதிகம் பட்டவர் அண்ணி. காலையில் பாலர் பள்ளியில் இருபது குழந்தைகளோடு போராடிவிட்டு மதியம் வந்து எங்கள் எல்லாருக்கும் சமைப்பவர். நான் என்ன செய்வேன் என்றால், அவர் சமைக்கும்போது பின்னால் நின்று கரண்டியை எடுத்து மோந்து பார்ப்பேன்.

"அண்ணி, இது மீன் கரண்டி இல்லையே?"

"இல்ல தேவி."

"நல்லா தெரியுமா?"

"நல்லா தெரியும் தேவி."

இதுவே மறுநாளும். இதற்குச் சில வருடம் முன்னால் அண்ணன் காவடி எடுக்க விரதம் இருந்தபோது, அலுவலகத்தில் தெரியாமல் முட்டை போட்ட கேக் ஒரு துண்டு சாப்பிட்டுவிட்டு முகம் வெளிறி வந்தான். "தெரியாம சாப்ட்டாலும் முறிஞ்சது முறிஞ்சதுதான்" என்று தீர்ப்புச் சொன்னவள் நான். பாவம், அந்த வருடம் காவடியே எடுக்கவில்லை. இந்தத் தீர்ப்பை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

இனி பூனை. பின்சந்திலிருந்து தானாக வந்து எங்கள் வீட்டில் குடியேறிய கறுப்புக் கடுவன் அது. கறுப்புச் சோயாக் குழம்பான கிச்சாப்பின் நிறத்தில் இருந்ததால் பெயர் கிச்சாப். பின்கட்டில் அவித்த மீனைச் சோற்றில் பிசைந்து அண்ணி போடுவதை மூக்கு முட்டத் தின்றுவிட்டு, நாள் முழுக்கச் சலவை இயந்திரத்தின் மேல் தூங்கும். அதற்கு வாழ்க்கையில் ஒரு குறையும் இல்லை. குறை எனக்குத்தான் இருந்தது. நான் ஒரு பூனை அன்பர்கள் குழுவில் சேர்ந்திருந்தேன். அங்கே யாரும் பூனையைப் பூனை என்று சொல்லமாட்டார்கள். "என் மகன்", "என் மகள்" என்பார்கள். பூச்சோங்கில் ஒரு பெண்மணி தன் மகனுக்குப் பிறந்தநாள் கொண்டாடிப் பந்தி போட்டிருந்தார். அதைப் பார்த்துவிட்டு என் வயிறு எரிந்தது.

அந்தக் குழுவில் ஒரு போட்டி வைத்தார்கள். ஒவ்வொரு ஞாயிறும் ஒருவர் தன் பிள்ளைக்கு வீட்டிலேயே விருந்து செய்து நேரலையில் காட்ட வேண்டும். "கிச்சாப்புக்குச் சூஷி" என்று முதல் ஆளாகப் பெயர் கொடுத்தேன். (நான் அதுவரை சூஷியைச் சாப்பிட்டதே இல்லை. கடைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நகரும் பட்டையில் சுற்றிச் சுற்றி வந்ததைப் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான்.) என் முறை வந்த ஞாயிறு, என் விரதத்தின் நாற்பத்தோராவது நாள்.

அண்ணன் மட்டும் கேட்டான். "வெரதத்துல மீனா? நான் கோழி தின்னா கார்ல, நீ மீனு செஞ்சா கிச்சன்லயா?"

"நான் சாப்பிடப் போறேனா? இது ஆர்ட் லா. உனக்குப் புரியாது."

ஆர்ட் என்று நான் சொன்னது உண்மை. இன்றைக்கு நினைத்தாலும் என் கன்னத்தில் நானே ஒன்று வைக்கலாம் போல் இருக்கிறது.

ஆர்ட் செய்தது நான். மற்றதெல்லாம் செய்தது அண்ணி. பாசாருக்குப் போய்த் தொங்கோல் மீன் வாங்கியது அண்ணி. பின்கட்டில் பழைய சட்டியில் அவித்தது அண்ணி. முள் எடுத்தது அண்ணி. உருட்டினால் ஒட்ட வேண்டும் என்று பூலுட் அரிசியைக் குழைய வேகவைத்ததும் அண்ணி. நான் ஆறடி தள்ளி நின்று, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உத்தரவு போட்டேன்.

"உப்பு ஒரு சிட்டிகைகூட போட்டுடாதீங்க அண்ணி. பூனை கிட்னிக்கு ஆகாது. ஞாபகம் இருக்கா? உப்பே கூடாது."

"போடல தேவி."

"நல்லா தெரியுமா?"

அண்ணி உப்பு ஜாடியை எடுத்து மேல்தட்டில் வைத்தார்.

மாலை நான்கு மணிக்கு நேரலை தொடங்கியது. மஞ்சள் சேலை, நெற்றியில் பட்டை, கழுத்தில் மாலை, இரண்டு கையிலும் பிளாஸ்டிக் கையுறை. பார்த்தவர்கள் நாற்பது பேருக்கு மேல். கூடத்தில் அண்ணனும் அப்பாவும் ஒரே கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். (இதய அடையாளத்தை அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அண்ணனுக்கு என் கட்டளை.)

முதல் உருளை பிரிந்து கொட்டியது. இரண்டாவது நடுவில் வெடித்தது. மூன்றாவது எப்படியோ நின்றது. கடற்பாசித் தாள் சுற்றி, வெட்டி, கேரட்டில் கண் வைத்து, மீன் முகம்போல அடுக்கினேன். பார்ப்பதற்கு மீனுக்குப் பேதி வந்ததுபோல இருந்தது. நான் அதை ஜப்பானிய எளிமை என்று விளக்கிக்கொண்டிருந்தேன். அடுத்த உருளைக்காகக் கிண்ணத்தில் மீதியிருந்த மீனையும் சோற்றையும் கிளறினேன்.

அப்போது என் கை ஒரு காரியம் செய்தது. நான் செய்யவில்லை, என் கை செய்தது. கரண்டி நுனியில் கொஞ்சம் எடுத்தது. இடது உள்ளங்கையில் கையுறைமேல் வைத்தது. வாயில் போட்டது. நான் முகட்டைப் பார்த்து நாக்கைச் சப்புக்கொட்டி, "ம்ம்… உப்பு கொஞ்சம் கம்மி" என்றேன்.

சொல்லிவிட்டு நிறுத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோவில் என்பார்களே, அந்தக் கதைதான். மீன் தொண்டைக்குள் இறங்கிக்கொண்டிருக்கும்போதே கேமராவைப் பார்த்து, "நான் இப்ப வெரதத்துல இருக்கேன். அதனால மீனக் கையாலகூடத் தொடல, பாருங்க" என்று கையுறையை ஆட்டிக் காட்டினேன்.

திரையில் ஒருவர் எழுதினார்: "சிஸ், நீங்க வெரதம்தானே?"

"ஆமா சிஸ், நாப்பத்தோராவது நாள்" என்று அடக்கமாகச் சிரித்தேன்.

சிரிப்பு முகங்கள் வரிசையாக மேலே பறந்தன. கேரட் கண்ணுக்குக் கிடைத்த பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். பின்கட்டுக் கதவருகே அண்ணி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். என் திறமையைப் பார்த்து மலைத்துப்போய் நிற்கிறார் என்று நினைத்தேன்.

கிச்சாப்பைத் தூக்கி வந்து தட்டின் முன்னால் விட்டேன். அது ஒரு தடவை மோந்தது. என்னை ஒரு தடவை பார்த்தது. பிறகு தட்டைச் சுற்றித் தரையை முன்காலால் பறண்டத் தொடங்கியது. பூனை வளர்ப்பவர்களுக்கு அது எதற்கு அப்படிச் செய்யும் என்று தெரியும். தான் வெளிக்கு இருந்ததை மண் போட்டு மூட அப்படித்தான் பறண்டும். நாற்பது பேர் பார்க்க என் சூஷியை மூடப் பார்த்துவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு போனது.

நேரலையை நிறுத்தியதும் அண்ணன் கைப்பேசியோடு உள்ளே வந்தான்.

"நீ மீனு சாப்ட்ட."

"நானா? பைத்தியமா உனக்கு?"

"உப்பு பாத்த லா."

"உப்பே போடல, நான் எதுக்கு உப்பு பாக்கணும்?"

"அதத்தான் நானும் கேக்குறேன்."

போட்டுக் காட்டினான். கரண்டி, உள்ளங்கை, வாய், முகடு. உப்பு கம்மி. மறுபடி போடச் சொன்னேன். மறுபடியும் அதே. உப்பே கூடாது என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்துவிட்டு, நாற்பத்தோரு நாள் விரதத்தை விட்டு, உப்புக் கம்மி என்று குறை வேறு சொன்ன பெண்ணைத் திரையில் பார்த்தேன். அவ்வளவு நிச்சயமாக, அவ்வளவு திருப்தியாகச் சப்புக்கொட்டினாள்.

தரையில் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பு வரவில்லை. மருத்துவமனை நாற்காலிதான் ஞாபகம் வந்தது. அப்பாவுக்காக வேண்டியது. அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? அந்த நேரம் பார்த்துக் கூடத்திலிருந்து ஒரு முனகல் கேட்டது. ஓடினேன். அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சோபாவில் சரிந்து கிடந்தார். கண்ணில் நீர் வழிந்தது. முருகன் ஐந்தே நிமிடத்தில் கணக்குத் தீர்த்துவிட்டார் என்று நினைத்து, "அப்பா" என்று அலறி அவர் காலைப் பிடித்தேன்.

"உப்பு…" என்றார் அப்பா. மூச்சு வாங்கியது. "உப்பு… கம்மியாம்…"

சிரித்துக்கொண்டிருந்தார். அதற்குமேல் பேச முடியவில்லை. நான் அவர் காலைப் பிடித்தபடியே அழுதேன். அவர் என் தலையில் கை வைத்துக்கொண்டே சிரித்தார்.

அடங்கியதும், "தெரியாமப் பட்டதுதானே, முருகன் மன்னிப்பாரும்மா" என்றார்.

அண்ணன் விடவில்லை. "தெரியாம சாப்ட்டாலும் முறிஞ்சது முறிஞ்சதுதான். பெரியவங்க சொல்லியிருக்காங்க."

அந்தப் பெரியவங்க நான்தான். தைப்பூசத்துக்கு ஒரு வாரம்தான் இருந்தது. வேண்டுதல் குடும்பத்தினுடையது, சுத்தமாக இருப்பவர் யாராவது எடுக்கட்டும் என்றார் அப்பா. யார் சுத்தம்? அண்ணன் காருக்குள் தின்ற கோழிக்குக் கணக்கில்லை. அப்பா டயர் பார்த்தவர்.

"நான் எடுக்கவா மாமா?" என்றார் அண்ணி. அடுப்பருகிலிருந்து, சட்டி கழுவிக்கொண்டே. "தேவி மாலை போட்ட அன்னிலேர்ந்து நானும் சைவம்தான் சாப்பிடுறேன்."

"வெரதமா இருந்தீங்க?" என்றேன்.

"வெரதமெல்லாம் இல்ல. வீட்டுல சைவம்தான் சமைக்கிறோம். வெளிய போய்த் திங்க எனக்கு எங்க நேரம்? அப்படியே இருந்துட்டேன்."

"அந்த மீன அவிச்சீங்களே, உப்பு பாக்கலையா?"

அண்ணி சட்டியைக் கவிழ்த்து வைத்தார். "பூனைக்குப் போய் யாராவது உப்பு பாப்பாங்களா தேவி?"

அந்தத் தைப்பூசத்தில் பத்துமலைப் படியில் பால்குடம் ஏந்திப் போனவர் அண்ணி. யாரையும் அதட்டவில்லை, எந்தக் கரண்டியையும் மோந்து பார்க்கவில்லை, வெறுமனே நடந்தார். அவர் செருப்பைப் பிளாஸ்டிக் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு, தண்ணீர்ப் போத்தலோடு பின்னால் போனவள் நான். மேலே பால் அபிஷேகம் ஆனபோது, அப்பாவை ஒன்றும் செய்துவிடாதே என்று அந்தச் செருப்புப் பையோடு கையைக் கூப்பினேன்.

அடுத்த வருடம் மறுபடி மாலை போட்டு, நாற்பத்தெட்டு நாளும் சமையலறைப் பக்கமே போகாமல், நானே பால்குடம் எடுத்து முடித்தேன். அதனால் ஒன்றும் மாறவில்லை. இன்றைக்கும் வீட்டில் விசேஷம் என்றால் அண்ணன் முதல் கரண்டியை என்னிடம்தான் நீட்டுவான். என் கல்யாணத்தில் சாம்பார் அண்டாவைத் திறந்ததும் மணவறை வரைக்கும் ஆள் அனுப்பினான், உப்புப் பார்க்கச் சொல்லி. அப்பா இப்போது திடகாத்திரமாக இருக்கிறார். மருந்து சாப்பிட மறுக்கும்போது அந்தக் காணொளியைப் போட்டுக் காட்டினால் சிரித்துக்கொண்டே விழுங்கிவிடுவார். கிச்சாப்புக்கு வயதாகிவிட்டது. நான் தட்டோடு போனால் மட்டும் இன்னும் தரையைப் பறண்டுகிறது.

நான் பால்குடம் எடுத்த அந்த வருடம், இடும்பன் பூசை முடிந்து விரதம் விட்ட அன்று, அண்ணி எனக்காகவே மீன் குழம்பு வைத்திருந்தார். முதல் வாய் போட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த எல்லாருடைய கையும் தட்டிலேயே நின்றது.

"உப்பு எப்படி தேவி?" என்றார் அண்ணி.

"சரியா இருக்கு அண்ணி" என்றேன்.

கம்மிதான். இன்றுவரை சொல்லவில்லை.