கூத்தாநல்லூரில் நான் கண்ட ஒன்பது பூனைகள்

என்னை ஏமாற்றியது பூனை இல்லை, என் படிப்புதான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

வீட்டுப் பூனைகளின் மரபணு ஊருக்கு ஊர் எப்படி மாறுகிறது என்பது என் முனைவர் பட்ட ஆய்வு. பாபநாசத்தில் நடவுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அப்பா, "எம்பொண்ணு டாக்டராகப் போறா" என்று சொல்லிவைத்திருந்தார் (எந்த டாக்டர் என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை).

கூத்தாநல்லூரில் ஒரு தெருவைத் தேர்ந்தெடுத்தேன். வீடு வீடாகப் போய், பூனையின் வாயில் பஞ்சுக்குச்சியைத் தடவி எச்சில் எடுத்து, ஒரு படமும் பிடித்துக்கொள்ள வேண்டும்.

"எங்க பூனைதாம்மா. மீன் கழுவுறப்ப வாங்க, கரெக்டா வந்துடும்" என்றார் முதல் வீட்டு அக்கா.

மற்ற எட்டு வீடுகளிலும் அதே பதில். ஒவ்வொரு வீடும் மீன் கழுவும் நேரத்தைக் குறித்து, அட்டவணை போட்டு அலைந்தேன். சொன்ன நேரத்துக்கு ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு செவலைப் பூனை வந்தது. ஒரு வீட்டில் அதன் பெயர் சுல்தான், அடுத்ததில் துபாய், கடைசி வீட்டில் ராணி (பெண் என்றே எழுதினேன்). நான்காவது வீட்டில் குச்சியைக் கண்டதும் அதுவே வாயைத் திறந்தது. 'டெல்டா பூனைகள் இயல்பிலேயே ஒத்துழைப்பவை' என்று குறிப்பெழுதிய மேதை நான்.

ஆய்வகத்தில் ஒன்பது மாதிரிகளும் அச்சு அசலாக ஒன்றுபோலவே இருந்தன. ராணியும் ஆண் என்று வந்ததை ஆய்வகப் பிழை என்று ஒதுக்கினேன். டெல்டா பூனைகள் தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்துக்குள்ளேயே சம்பந்தம் செய்கின்றன என்று கோட்பாடே கட்டிவிட்டேன்.

ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கலாமா என்று முடிவுசெய்யும் கருத்தரங்கு வந்தது. சொதப்பினால் இன்னும் ஒரு வருடம். முதல் வரிசையில் கஞ்சி போட்ட வேட்டியோடு அப்பா. ஒன்பது படங்களையும் திரையில் போட்டு, "இந்த அதிசய ஒற்றுமையைக் கவனியுங்கள்" என்றேன்.

அப்பா கவனித்தார்.

"ஏம்மா, எல்லாத்துக்கும் இடது காது ஒரே மாதிரி கிழிஞ்சிருக்கே. ஒத்தப் பூனைதான் ஒம்பது வீட்லயும் சாப்டிருக்கு."

தேர்வாளர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "ஐயா சொல்றது சரிதாம்மா."

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "காது கிழியறதும் பரம்பரையா இருக்கலாம் சார்" என்று வேறு சொல்லித் தொலைத்தேன்.

இன்னொரு வருடம் தெருத்தெருவாக அலைந்துதான் பட்டம் கிடைத்தது. ஆனால் எங்கள் வீட்டுக் கல்யாணங்களில், பந்தியில் தலை எண்ணும் வேலையை மட்டும் இன்றுவரை எனக்குத் தருவதில்லை.

"அவகிட்ட குடுக்காதீங்க" என்பார் அப்பா. "மூணு பந்தியிலயும் உக்காருவான் இவ சித்தப்பன். அத மூணு பேருன்னு எழுதிட்டு, ஒரே சாயலா இருக்காங்களே, சொந்தத்துலயே கட்டிக்கிட்டாங்க போலன்னு ஆராய்ச்சி பண்ணுவா."