பத்தாயிரத்து ஏழு கோப்பைகளோடு பொருதிய படலம்

பேரம் பேசினால் பெருங்கடலும் இரண்டு முழம் இறங்கும் என்று நம்பியவனும், தள்ளுபடி என்னும் சொல் செவியில் விழுந்தால் கண் சிவப்பவனும், மின்விசிறிக்கு நேர்கீழே திகழும் கல்லா நாற்காலியின் தனிப்பெருந்தலைவனுமாகிய பீங்கான்கடை முதலாளியைப் பாடுவோம். கேட்போர் கடன் கேளாமல் கதை மட்டும் கேட்பீர்களாக.

மூடப்போகும் கடையொன்றின் தேநீர்க் கோப்பைகளை மொத்தமாக வளைத்துப்போட்டான் அவ்வீரன். எண்ணினால் பத்தாயிரத்து ஏழு. உடனே, மனைவியின் அண்ணனும் கடையில் கூட்டாளியும் அந்த நாற்காலிமேல் நெடுங்காலம் கண்வைத்தவனுமாகிய மச்சானை நோக்கி முழங்கினான்:

"பெட்டிக்குப் பெட்டி ஒரே கணக்கு. உதிரின்னு ஒண்ணு மிஞ்சினா இந்த நாற்காலி உங்களுக்கு, மச்சான்."

"பெட்டிக்கு ஒண்ணே ஒண்ணுன்னு கட்டக்கூடாது மாப்ளே. எல்லாத்தையும் ஒரே பெட்டியில போடவும் கூடாது" என்றான், வியாபாரக் குடும்பத்தில் பிறந்த மச்சான்.

மூண்டது போர். பன்னிரண்டு பன்னிரண்டாகப் படை வகுத்தான். பதினொன்று மிஞ்சிப் பல்லிளித்தன. ஏழேழாய்ச் சூழ்ந்தான், நான்கு தப்பின. இருபத்தொன்பது கொண்டு தாக்கியபோதோ இரண்டே இரண்டு மிஞ்ச, வெற்றித்திருமகள் பெட்டியோரம் வரை வந்து, மிச்சத்தைப் பார்த்து முகஞ்சுளித்துத் திரும்பினாள். யானை விலை சொன்னவனையும் பூனை விலைக்கு இறக்கிய அப்பேரப்புலி, இறுதியில் தன் குலவித்தையைக் கையாண்டு, வேண்டாமென்று போகிறவன்போல் நாலடி நடந்து திரும்பிப் பார்த்தான். எண் கூப்பிடவில்லை.

"அது பகா எண்ணுங்க. ஒண்ணாலயும் அதாலயும் தவிர எதாலயும் வகுபடாது" என்றாள், பில் போட்டுக்கொண்டிருந்த மனைவி.

"எல்லாம் படியும். நீ சும்மா இரு."

அப்போதுதான் வணிகர்குல வேதம் அவன் நினைவில் மின்னி, வாய்வழியே முழங்கியது: சரக்கென்றால் உடைசல் உண்டு, உடைந்தது கணக்கில் வராது. மச்சானாலும் மறுக்க முடியாத வேதம்.

"அப்ப ஏழு கப்பை உடைச்சுத் தொலைங்க. பத்தாயிரம் எப்படி வேணா பிரியும்" என்றாள் மனைவி.

"ஏழா? என்னைத் தெருவுல நிறுத்தப் பாக்குறியா?"

உயிரையும் கொடுப்பான், உருப்படி ஏழைக் கொடான் அவ்வள்ளல். பிடியில் விரிசல் விட்ட கோப்பை ஒன்றைத் தேடித்தேடி எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு களப்பலியிட்டான். சிலீரென்ற ஓசை அடங்குமுன், அதுவரை மலைபோல் நின்ற எண் நடுங்கி இரண்டாகப் பிளந்தது. ஆனால் பிளந்த பாதியான ஐயாயிரத்து மூன்றும் தாயைப் போலப் பிள்ளையாய், இனி எவனுக்கும் பிளக்கமாட்டேன் என்று சூளுரைத்து நின்றது. நின்றாலென்ன? இரண்டும் சமம், உதிரி இல்லை. தச்சர் வந்தார், பலகைகள் அலறின, ஆணிகள் அம்பென இறங்கின, கடையின் நட்டநடுவே இரட்டைக் கோபுரமென எழுந்தன இரண்டு மாபெரும் பெட்டிகள். மச்சான் தலைகவிழ, நாற்காலி பிழைத்தது. ஏற்றிச்செல்ல வந்த லாரி தெருவில் களிறெனப் பிளிற, எட்டுத்திக்கும் அதிர எழுந்து நின்ற வெற்றிவேந்தன், வலக்கையை உயர்த்தி, "தூக்குங்கப்பா" என்று ஆணையிட்டான்.

பெட்டி இரண்டும் கடை வாசலில் நுழையவில்லை.