தட்பவெப்பத் தீர்ப்புக் குழு

உலகத்தில் மழை பெய்யும் தேசங்கள் உண்டு. பெய்யாத தேசங்களும் உண்டு. பெய்த மழை நல்ல மழையா என்று கூட்டம் போட்டுத் தீர்ப்புச் சொல்லும் ஒரே நாகரிக தேசம் எங்கள் தீவுதான். கேப்டவுனிலிருந்து ஏழு நாள் கப்பல் பயணம். ஒரு மலை, இருநூற்று நாற்பது பேர், கணக்கில்லாத உருளைக்கிழங்கு, மூன்று மாதத்துக்கு ஒரு கப்பல். இவ்வளவு சின்ன இடத்தில் இவ்வளவு பெரிய குழு! அதன் செயலாளர் அடியேன்தான்.

முன்பெல்லாம் இங்கே வானிலையைத் தீர்மானித்தது என் மச்சான் கில்பர்ட். விடிந்ததும் வெளியே வருவான். மலைமேல் மேகம் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று பார்ப்பான். மூக்கைச் சொறிவான். கடல் இடம் கொடுக்கும் என்று தோன்றினால், சபைக் கட்டட வாசலில் தொங்கும் பழைய காஸ் சிலிண்டரைச் சுத்தியலால் ஓங்கி அடிப்பான். அந்த மணி கேட்டால்தான் படகு இறங்கும். கேட்காவிட்டால், கடல் கண்ணாடி போலக் கிடந்தாலும் ஒருவனும் படகில் கை வைக்கமாட்டான். எங்கள் தாத்தா காலத்துக் கட்டுப்பாடு.

ஒரு மூக்கை நம்பி ஒரு தேசம் இருக்கலாமா? 'கூடாது' என்று கண்டுபிடித்தவர் புதிய நிர்வாகி ஹார்ட்லி. போன கப்பலில் அவரும் வந்தார், ஒரு படிவமும் வந்தது. வெளிநாட்டுச் சுற்றுலாச் சங்கம் ஒன்று கேட்டிருந்தது: 'உங்கள் தீவின் தட்பவெப்பம் எப்படி? ஒரே சொல்லில் எழுதுக.'

உடனே குழு அமைந்தது: நிர்வாகி, நர்ஸ் ஈடித், நான். முதல் தீர்மானமே வரலாற்றுச் சிறப்புடையது. தட்பவெப்பம் பற்றிய தீர்ப்பு நிலுவையில் இருக்கும்போது, தனி நபர் யாரும் வானிலை பற்றிக் கருத்துச் சொல்லக் கூடாது. அதாவது, மணி அடிக்கக் கூடாது. குழு சீட்டு எழுதிக் கொடுத்தால் அடிக்கலாம். சுத்தியலை அலமாரியில் வைத்துப் பூட்டினோம். சாவி என் சட்டைப் பையில்.

இந்தச் சமயம் பார்த்து அடுத்த கப்பல் வந்தது. அதில் ஹென்ட்ரிக் வந்திருந்தான். என் அக்கா மகள் ரோவீனாவுக்கு மாப்பிள்ளை. இங்கே துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நிற்கும், நாங்கள்தான் படகில் போய் ஆளை இறக்கவேண்டும். ஐந்து நாள் விடாத மழை, காற்று. ஹென்ட்ரிக் கப்பல் ஓரத்தில் நின்று கை காட்டினான். ரோவீனா பாறையில் நின்று கை காட்டினாள். ஆறாம் நாள் காலை கப்பல் தலைவர் ரேடியோவில் சொல்லிவிட்டார்: "மேற்கேருந்து பெரிய அலை வருது. ரெண்டு மணிக்கு நான் கெளம்பிருவேன்."

பத்து மணிக்குக் குழு கூடியது. காகிதம் பறக்கும் என்பதால் ஜன்னல்களைச் சாத்தியிருந்தோம்.

"'குளுமை'ன்னு போடலாம்," என்றார் நிர்வாகி.

"போன வாரம் பதினாறு பேருக்கு ஜலதோஷம். குளுமையாம்!" என்றாள் ஈடித்.

"அப்போ 'ஈரம்'?"

"ஈரம்னு எழுதினா எவன் வருவான்?"

'இதம்' என்று நான் சொன்னேன். இருவரும் என்னை அனுதாபத்தோடு பார்த்தார்கள்.

பதினொன்றரைக்குக் கதவு தட்டப்பட்டது. கில்பர்ட்.

"மச்சான், காத்து நின்னுபோச்சு. கடல் சும்மா படுத்துக் கிடக்கு. சுத்தியலைக் குடு."

"உங்க கருத்தை எழுத்துல குடுங்க," என்றார் நிர்வாகி.

"கருத்து இல்லீங்க ஐயா, கடலு. வெளியே வந்து பாருங்களேன்!"

"கூட்டம் நடக்கும்போது உறுப்பினர்கள் வெளியே போறது முறை இல்ல."

"அப்ப ஜன்னலையாவது தெறங்க!"

ஜன்னலைத் திறக்கும் யோசனையை நான் முன்மொழிந்தேன். ஆதரவாக ஒரு வாக்கு. எதிராக ஒன்று. ஈடித் நடுநிலை. யோசனை தோற்றது.

"மச்சான், உன் அக்கா பொண்ணுடா!" என்று கத்தினான் கில்பர்ட்.

"எனக்கு மட்டும் அக்கறை இல்லையா? இன்னும் ஒரு சொல்லுதானே பாக்கி. பொறு."

கதவைச் சாத்தினேன். வெளியே மொத்தத் தீவும் படகுகளின் பக்கத்தில் கூடி நின்றதாம். எட்டுப் படகு, முப்பது ஆண்கள், பூ வைத்த தொப்பியோடு மணப்பெண். ஒருவர்கூடப் படகைத் தள்ளவில்லை. மணிதான் அடிக்கவில்லையே! எங்கள் ஜனங்களின் ஒழுக்கத்தை எண்ணி இன்றும் புல்லரிக்கிறது.

ஒன்றே முக்காலுக்கு 'மிதமான ஈரம்' வரை முன்னேறியிருந்தோம். ஆனால் அது இரண்டு சொல். இரண்டு மணிக்குக் கப்பல் ஊதியது. இரண்டேகாலுக்கு மழை வந்து ஜன்னலில் அறைந்தது.

அதன்பிறகு குழப்பமே இல்லை. "பாத்தீங்களா?" என்றார் நிர்வாகி, வெற்றியோடு. "மாப்பிள்ளையே இறங்க முடியல. இதைவிட ஆதாரம் வேணுமா?" 'மோசம்' என்ற சொல் ஒருமனதாக நிறைவேறியது.

அப்போது ரோவீனா உள்ளே வந்தாள். தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்டியது. உருளைக்கிழங்கு அடைத்து வேகவைத்த ஆட்டுத்தொடையை மேஜையில் வைத்தாள். கல்யாண விருந்து.

"வீணாப் போயிரும். சாப்பிடுங்க," என்றாள்.

சாப்பிட்டோம். நன்றித் தீர்மானம் பதிவு செய்தோம். பிறகு படிவத்தின் கடைசிக் கேள்வியை நிர்வாகி உரக்கப் படித்தார்: "'பயணிகள் உங்கள் தீவில் இறங்கத் தடையாக இருப்பது எது?' தட்பவெப்பம்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க, செக்ரட்டரி."

பேனாவுக்காகச் சட்டைப் பைக்குள் கை விட்டேன். சாவி வந்தது.

ரோவீனா அதையே பார்த்தாள்.

"எழுதுறதுக்கு எதுக்கு மாமா கஷ்டப்படுறீங்க?" என்றாள். "அந்தக் கேள்விக்கு நேரா அதையே ஒட்டி அனுப்பிடுங்க."