வெள்ளி விழாவில் பாடிய லத்தீன் பாட்டு

பம்மல்,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள மச்சான் ஜெரோமுக்கு மாமா பிரிட்டோ எழுதுவது. ஆண்டவர் அருளால் நானும் உன் அக்கா தீபாவும் சுகம். நாவலூரில் நீயும் சுகமாகத்தான் இருப்பாய். அடுத்தவன் குடியைக் கெடுத்தவனுக்கு என்ன குறை?

எங்கள் பங்குத்தந்தையின் குருத்துவ வெள்ளி விழாவுக்கு ஆயர் வருகிறார், புதுமையாக ஏதாவது பாட வேண்டும் என்று உன்னிடம் வாய் தவறிச் சொன்னேன். பழங்கால லத்தீன் கிரகோரியன் பாடல்தான் ஒரே வழி என்றாய். கோயில் பாடகர்களுக்கென்றே ஒரு இணையதளம், திருநாள் வாரியாகப் பாட்டு, கேட்டுப் பழகப் பதிவு, எல்லாம் இலவசம் என்று ஆளை மயக்கி, ஒரு இசை நோட்டையும் பதிவையும் அனுப்பினாய். நோட்டில் நாலு கோடு, அதன்மேல் கறுப்புக் கறுப்பாய்ச் சதுரம். ஜெராக்ஸ் கடை ஜெயவேலு மெஷினில் கோளாறு என்று இரண்டு முறை துடைத்தார். பதிவைக் கேட்டு, குழுவில் பாடும் சினேகா லத்தீனைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தாள். அர்த்தம் கேட்க யாருக்கும் தோன்றவில்லை; புரியாததால் பக்தியாகத்தான் இருக்கும் என்று நம்பினோம். கீபோர்டு வாசிக்கும் துரை மட்டும், "இன்னாண்ணா இது, தாளமே இல்லாம கீது" என்று முனகி, என்னைக் கேட்காமலே ரிதம் பட்டனை அமுக்கிவிட்டான்.

ஞாயிறன்று அதையே வருகைப்பாடலாகப் பாடினோம். பவனியில் வந்த பங்குத்தந்தை பாதி வழியில் நின்று எங்களைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. உருகிவிட்டார் என்று நினைத்து இன்னொரு தடவை பாடச் சொன்னேன். பூசை முடிந்ததும் ஆயர் என் தோளைத் தட்டினார். "நல்லா பாடினீங்க. ஆனா இது அடக்கப் பூசையில பாடுறது. உங்க ஃபாதர் இன்னும் உயிரோடதான் இருக்காரு" என்றார். பதினேழு வருடம் நான் நடத்திய பாடகர் குழுவை, மறுநாளே பங்குத்தந்தை துரையிடம் கொடுத்துவிட்டார். அவன் போட்ட தாளத்திலாவது கொஞ்சம் உயிர் இருந்ததாம்.

எல்லாவற்றுக்கும் நீதான் காரணம். இனி என் வீட்டு வாசற்படி மிதிக்காதே. உன் அக்காவும் என் பக்கம்தான். உன் பிள்ளைகளுக்கு மட்டும் என் ஆசீர். அவர்கள் உன்னைப்போல் வளராமல் இருக்க ஜெபிக்கிறேன்.

இப்படிக்கு,
முன்னாள் குழுத் தலைவன்
பிரிட்டோ

பி.கு.: உறையில் எழுத உன் கதவு எண்ணைத் தேடி இப்போதுதான் வாட்ஸ்அப்பைத் திறந்தேன். தினமும் நீ அனுப்பும் குட்மார்னிங் ரோஜாக்கள் தாங்காமல், பாட்டை இறக்கிய கையோடு உன்னை மியூட் செய்திருந்தேன். "மாமா, ஃபைல் மாறிப்போச்சு, அது சாவுக்குப் பாடுறது, பாடிடாதீங்க" என்று பதினொரு தடவை எழுதியிருக்கிறாய். அத்தனை தடவை எழுதத் தெரிந்தவன் ஒரு தடவை போன் பண்ணியிருக்கக் கூடாதா? போகட்டும், கிறிஸ்துமஸுக்குக் குடும்பத்தோடு வந்துவிடு. அந்தப் பதினொன்றும் உன் அக்கா கண்ணில் மட்டும் பட வேண்டாம்.