சுவிட்ச் பாய் சொன்ன ஒரு பொய்

ஓசூரிலேயே, பொருளை விற்க வந்துவிட்டு ‘இதை வாங்காதீங்க’ என்று சண்டை போடுகிற ஒரே மனுஷர் எங்கள் சுவிட்ச் பாய்தான். லைட் போடுகிற சுவிட்ச் இல்லை. ஆபீஸ் கம்ப்யூட்டர்களை எல்லாம் வயர் போட்டு ஒன்றாகச் சேர்க்கிற பெட்டி, மூலையில் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டு கிடக்குமே, அது. மத்திகிரியில் வீடு. சொந்தப் பேர் யாருக்கும் தெரியாது.

கிருஷ்ணகிரியில் ஒரு லாரி ஆபீஸ்காரர் நிறைய விளக்கு எரிகிற பெட்டிதான் வேண்டும் என்றாராம். சீரியல் செட் வாங்கிக்குங்க என்று சொல்லிவிட்டு பாய் பஸ் ஏறிவிட்டார்.

கூப்பிட்டால் முதலில் விலை சொல்ல மாட்டார். ஆபீசில் ஒவ்வொரு நாற்காலியிலும் ஐந்து நிமிஷம் உட்காருவார், முதலாளி நாற்காலி உட்பட. யார் கால் எந்த வயரை உதைக்கிறது என்று பார்க்கிறாராம். அப்புறம் பழைய பெட்டியின் மேல் கன்னத்தை வைத்து ஜுரம் பார்ப்பார். மக்கர் பண்ணினால் கன்னடத்தில் திட்டுவார், தெலுங்கில் கொஞ்சுவார். விலை பேசுவது மட்டும் தமிழில்.

நான் அப்போது மெஷின் பாகங்கள் செய்து கொடுக்கிற ஒரு சின்னக் கம்பெனியில் பில் போடச் சேர்ந்திருந்தேன். மூன்று மாசம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்றிருந்தார் முதலாளி. வீட்டில் என் சம்பளத்தை விட்டால் வேறு வரும்படி இல்லை. மூன்றாவது மாசம் ஆயுத பூஜை வந்தது.

கம்ப்யூட்டரை எல்லாம் அணைத்துவிட்டு ஆபீசைத் துடைத்தேன். என் மேஜைக்கடியில் ஒரு வயர் நுனி அனாதையாகத் தொங்கியது. ஐயோ பாவம், கழன்றுவிட்டது போல என்று சுவிட்சில் காலியாக இருந்த ஓட்டையில் செருகி, அதற்கும் ஒரு சந்தனப் பொட்டு வைத்தேன். அந்த வயரின் மறுநுனி ஏற்கெனவே அதே சுவிட்சில்தான் இருந்தது என்று எனக்கென்ன தெரியும்!

லீவு முடிந்து வந்தால் ஒரு கம்ப்யூட்டரும் வேலை செய்யவில்லை. பில் போட முடியாமல் சரக்கு லாரி கேட்டிலேயே நின்றது. இதில் கை வைத்தது யாரோ, அவர் இன்றைக்கே வீட்டுக்குப் போகலாம் என்று முதலாளி குதித்தார். நான் செருகிய வயர் ஞாபகம் வந்தது. வாயைத் திறக்கவில்லை. கோழை, வேறென்ன.

பாய் வந்து, லாரி ஹாரன் அடிக்க அடிக்க, நிதானமாக ஒவ்வொரு நாற்காலியாக உட்கார்ந்தார். என் நாற்காலிக்கு வந்ததும் குனிந்து அந்த வயரைத் தடவிக்கொண்டே போனார். இரண்டு நுனியும் ஒரே பெட்டியில்; போன தகவலே சுற்றிச் சுற்றி வந்து பெட்டியைத் திணறடித்திருக்கிறது. ஒன்றில் சந்தனம். என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். நுனியைப் பிடுங்கி, சந்தனத்தைக் கைக்குட்டையில் துடைத்தார். கம்ப்யூட்டர்கள் எல்லாம் ஓட ஆரம்பித்தன.

“யார் வேலை பாய் இது?” என்றார் முதலாளி.

“யாரும் இல்லீங்க, பெட்டிக்கு வயசாயிடுச்சு. போன தடவை நீங்க கேட்ட இருபத்திநாலு ஓட்டைப் பெட்டி வேணாம், அஞ்சு நாற்காலிக்கு எட்டு போதும். ஆனா ஒரே வயரை ரெண்டு பக்கமும் செருகிட்டா, தானா அந்த ஓட்டையை அடைச்சுக்கற பெட்டியா வாங்குங்க. மனுசங்க தப்பு பண்ணத்தான் செய்வாங்க. அதைத் தாங்கணும்ங்க.”

கிளம்பும்போது வாசல் கேட் பக்கத்தில் என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார்.

“தொங்கற வயரைப் பார்த்தும் நமக்கென்னன்னு போறவங்கதான் ஜாஸ்தி பாப்பா. நீ போகலை.”

அடுத்த மாசம் வேலை நிரந்தரமானது. இன்னும் அங்கேதான் இருக்கிறேன். இந்தப் பத்திரிகை எங்கள் முதலாளி மேஜைக்கும் வரும். படிக்கட்டும். சார், அன்றைக்கு வயரைச் செருகியது நான்தான். என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், பாயை ஒரு வார்த்தை சொல்லிவிடாதீர்கள்.