ஆறு பொக்கட் வைத்த வெள்ளைக் கவுன்

மலை சரிந்தாலும், பஸ் நடுவழியில் நின்றாலும், காலில் அட்டை ஏறினாலும், பெண் பார்க்க ஆட்கள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாலும், எதற்கும் கலங்காத ஒரே ஒரு பிறவியைத்தான் நான் என் வாழ்நாளில் பார்த்திருக்கிறேன். றக்வானைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளில், மூன்றாம் லயத்தில், எங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டில் அவள் இருந்தாள். பொக்கட்டக்கா என்றால் தோட்டத்து நாய்க்கும் தெரியும். சொந்தப் பெயரைக் கேட்டால் கணக்கப்பிள்ளையே பேர்ப் புத்தகத்தைப் புரட்டித்தான் சொல்ல வேண்டும்.

சென்ற வாரம் என் மகள் ஒரு சுரிதார் வாங்கி வந்து, அதில் பொக்கட் இருக்கிறது என்று பெரிய புதுமை போலக் காட்டினாள். ஒரே ஒரு பொக்கட். போனை வைத்தால் அதற்குமேல் ஒரு ஊக்குக்குக்கூட இடமில்லை. என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. தொண்ணூறுகளின் நடுவிலேயே பொக்கட்டக்காவின் பாவாடையில் பதினொரு பொக்கட் இருந்தன.

அப்போது அவளுக்கு இருபத்து மூன்று வயது. கொழுந்து பறிக்கிற வேலை. இரண்டு கையும் செடியில், தலையில் கூடைக் கயிறு, இடுப்பில் ஈரம் படாமல் கட்டிய படங்கு. இந்தக் கோலத்தில் கைப்பையை எங்கே மாட்டுவது என்பது அவளுடைய கேள்வி. யாரும் பதில் சொல்லாததால் மாவு மூட்டைத் துணியைக் கிழித்துத் தானே பதில் தைத்துக்கொண்டாள். இதைப் பற்றிப் பேச்செடுத்தால் அவளுக்குக் கோபம்தான் வரும்.

"ஆம்பளைக்கு நாலு பொக்கட்டு. அதுல ஒரு சீப்பு, ஒரு பீடிக்கட்டு. நமக்கு ஆயிரம் தேவ, ஒரு பொக்கட்டு இல்ல. இது என்னா நியாயம்?" என்பாள். லயத்து ஆண்கள் அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் பிடிக்கப் போய்விடுவார்கள்.

இடது பக்கம் உடம்புக்கு, வலது பக்கம் வழிக்கு. இடது பக்கத்தில் அட்டைக்குச் சவர்க்காரத் துண்டு, சுக்கு, பிளாஸ்டர், மாதத் துணி. வலது பக்கத்தில் பொலித்தீனில் சுற்றிய நெருப்புப்பெட்டி, மெழுகுதிரி, பிளேடு, கயிறு, ஊக்கு. அட்டைக்கு முதலில் உப்புத்தான் வைத்திருந்தாள். எங்கள் பக்கத்து மழையில் அது கரைந்து, பாவாடை காய்ந்ததும் கருவாடு மாதிரி விறைத்துக்கொண்டு நின்றது. அதற்குப் பிறகுதான் சவர்க்காரத்துக்கு மாறினாள்.

ஒரு வருடம் மாரியம்மன் திருவிழாவில், தேர் நகரும் நேரத்தில் பூசாரியின் வேட்டி அவிழத் தொடங்கியது. இரண்டு கையிலும் தீபத் தட்டு. ஊரே கண்ணை மூடிக் கும்பிடுகிறது. பொக்கட்டக்கா மட்டும் கண்ணைத் திறந்தபடி போய், பின்னால் இரண்டு ஊக்கைக் குத்திவிட்டு வந்து தன் இடத்தில் நின்று கும்பிட்டாள். பூசாரியின் மானம் தப்பியது. மறுநாள் காலையில் கோயிலுக்குப் போய் அந்த இரண்டு ஊக்கையும் திருப்பிக் கேட்டாள் என்பதுதான் பூசாரியால் கடைசிவரை மன்னிக்க முடியாத விஷயம்.

பெல்மதுளைக்குப் போகிற வழியில் பஸ்ஸை நிறுத்திச் சோதிக்கிற யுத்த காலம் அது. அவளைச் சோதிக்கிற பெண் பொலிஸுக்குப் பொறுமை வேண்டும். பதினொரு பொக்கட்டையும் ஒவ்வொன்றாகக் காலி செய்து, எது எதற்கு என்று சிங்களத்தில் விளக்கமும் கொடுப்பாள். சிங்களம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. சிங்கள எழுத்துத்தான் ஒன்றும் தெரியாது, எழுதினால் தமிழ் எழுத்தில்தான் எழுதுவாள். பஸ்ஸில் இருக்கிறவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

இப்படிப்பட்டவளிடம் என் பரீட்சைக் கவுன் சிக்கியது. எங்கள் லயத்திலிருந்து சாதாரண தரப் பரீட்சை எழுதப் போகிற முதல் பெண் நான். பள்ளிக்கூட வெள்ளைக் கவுனைச் சுருக்கம் எடுத்துத் தருவதாகச் சொல்லி வாங்கிப் போனவள், உள்பக்கம் ஆறு பொக்கட் தைத்து, ஆறையும் நிரப்பி, பரீட்சையன்று காலையில் கொண்டு வந்து நீட்டினாள். போட்டுப் பார்த்தால் இடுப்பைச் சுற்றிக் கொழுக்கட்டை கட்டியது மாதிரி இருந்தது. நான் அழுதேன். வேறு கவுன் கிடையாது, பஸ்ஸுக்கும் நேரமாகிவிட்டது. என்ன இருக்கிறது என்றுகூடப் பார்க்காமல் ஓடினேன்.

அன்று கணித பாடம். மேற்பார்வையாளர் யாழ்ப்பாணத்துக்காரர், புதிதாக மாற்றலாகி வந்தவர், சிரிப்பு என்றால் என்னவென்று கேட்பவர். மூன்றாம் கணக்கில் நான் கொஞ்சம் அசைந்து உட்கார்ந்தேன். நெருப்புப்பெட்டி கலகலவென்றது. அவர் வந்து நின்றார்.

"என்ன பிள்ளை அது? எல்லாத்தையும் வெளியில எடும்."

எடுத்தேன். சவர்க்காரம், கயிறு, ஊக்கு, நெருப்புப்பெட்டி, மடித்த வெள்ளைத் துணி என்று மேசை நிறைந்தது. துணியைப் பார்த்ததும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆறாவது பொக்கட்டில் நாலாக மடித்த ஒரு துண்டுக் காகிதம் இருந்தது. எனக்கே தெரியாத காகிதம். அவர் விரித்துப் பார்த்தார். எழுத்து தமிழ், ஆனால் ஒரு சொல்லும் தமிழில்லை. களவாகப் பார்த்து எழுதக் கொண்டுவந்த இரகசிய எழுத்து என்றே முடிவு கட்டிவிட்டார். மண்டபத்தை விட்டு வெளியே அனுப்பினால் பெறுபேறு இல்லை. படிப்பும் அத்தோடு சரி. மறுவாரம் என் தலையில் கூடைக் கயிறு ஏறும்.

இது என்ன என்று என்னிடம் கேட்டார். நான் எட்டிப் பார்ப்பதற்குள் அவரே எல்லோருக்கும் கேட்கும்படி, கடுகடுத்த குரலில், எழுத்தெழுத்தாக வாசித்தார்.

"மே மகே நங்கி. அசனீப உனொத் வத்தே துன்வெனி லயிமட்ட கெனல்லா தென்ன. பய கரன்ன எபா."

சிரிப்பில் மண்டபமே குலுங்கியது. அங்கே இருந்தவர்கள் எல்லாரும் தோட்டத்துப் பிள்ளைகள், எல்லாருக்கும் சிங்களம் தெரியும். தெரியாதவர் அவர் ஒருவர்தான். வாசலில் காவலுக்கு நின்ற சிங்களக் கொன்ஸ்தாபிள் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே வந்து, தனக்குத் தெரிந்த தமிழில் விளக்கினார்.

"சேர், அது சிங்களம். இது என்ட தங்கச்சி. சுகமில்லாம வந்தா, தோட்டத்துல மூணாவது லயத்துக்கு கொண்டு வந்து குடுங்க. அப்படித்தான் எழுதியிருக்கு." கொஞ்சம் தயங்கிவிட்டு மிச்சத்தையும் சொன்னார். "பயப்படுத்த வேணாம்னும் இருக்கு, சேர்."

மேற்பார்வையாளர் என்னைப் பார்த்தார். நான் நடுங்கிக்கொண்டிருந்தேன். காகிதத்தை இருந்தபடியே மடித்து என் கையில் கொடுத்தார். "சரி, எழுதும் பிள்ளை," என்றார். குரல் இறங்கியிருந்தது. போன நேரத்துக்குப் பதிலாகக் கடைசியில் பத்து நிமிடம் கூடத் தந்தார். நான் பாஸ் பண்ணினேன்.

பின்னேரம் லயத்துக்கு வந்து பொக்கட்டக்காவைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். உன்னால் என் படிப்பே போயிருக்கும் என்றேன். அவள் கொஞ்சமும் பதறவில்லை. கடைசிவரை கேட்டுவிட்டு யோசித்தாள்.

"வழியில விழுந்து கெடந்தா தூக்குறவன் சிங்களவனாத்தான் இருப்பான்னு நெனச்சேன். தமிழ் வாத்தியார நெனக்கல. அடுத்த பரீட்சைக்கு ரெண்டு பாஷையிலயும் எழுதிடுறேன்," என்றாள். தூக்குகிற சிங்களவனுக்குத் தமிழ் எழுத்து வாசிக்கத் தெரியாது என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை.

அவளுக்கும் எனக்கும் சொந்தம் ஒன்றும் கிடையாது. அடுத்த வீடு, அவ்வளவுதான். நான் வீட்டுக்கு ஒரே பிள்ளை. ஆனால் கூடப்பிறந்தவர்கள் உண்டா என்று கேட்பவர்களிடம், அன்றைக்குப் பிறகு இல்லை என்று நான் சொன்னதே இல்லை.